'எவ்ளோ நேரம் ஃபோன் குடுக்கலாம் டாக்டர்?': கேள்வியே தப்பு மக்களே

கொஞ்சம் நீளமான இழை. முடிந்தால் வீட்டில் இருக்கும் இன்னொருத்தரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படிங்க.

1.
எதுக்காக ஓபிக்கு வந்திருந்தாலும் சரி, காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ, எழுந்து போகும்போது பெற்றோர் கடைசியாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் ஃபோன் குடுக்கலாம்?"

கேட்கும்போதே பிள்ளையை ஒரு முறை முறைப்பார்கள். "நல்லா கேட்டுக்கோ, டாக்டர் என்ன சொல்றாங்கன்னு" என்று ஒரு வசனமும் வரும். நான் "ஒரு மணி நேரம்" என்று சொல்லிவிட்டால் போதும், கோர்ட்டில் தீர்ப்பு வாங்கின மாதிரி கிளம்பிவிடுவார்கள்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் விஷயத்தில் அந்த ஒற்றை எண்ணை நான் சொல்வதில்லை. ஏன்னா கேள்வியே தப்பு.

2.
"டாக்டர், 500 மில்லிகிராம் மாத்திரை போடலாமா?" என்று ஒருவர் கேட்டால் நான் என்ன சொல்வேன்? எந்த மாத்திரை, யாருக்கு, என்ன நோய்க்கு என்று திருப்பிக் கேட்பேன். 500 பாராசிட்டமால் வேறு, 500 மெட்ஃபார்மின் வேறு.

ஃபோனும் கம்ப்யூட்டரும் அப்படித்தான். ஒரு மணி நேரம் அண்ணனும் தங்கையும் சேர்ந்து மைன்கிராஃப்டில் வீடு கட்டுவதும், ஒரு மணி நேரம் இருட்டில் படுத்துக்கொண்டு ரீல்ஸ் தள்ளுவதும், ஒரு மணி நேரம் காசு கட்டி ரம்மி ஆடுவதும் கடிகாரத்துக்கு ஒன்று. மனுஷனுக்கு ஒன்றா?

3.
முதலில் ஒரு விதிவிலக்கு. ஐந்து வயதுக்குக் கீழே எண் முக்கியம், அதில் சமரசம் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம். இரண்டு வயது வரை அதேதான். 2 முதல் 4 வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதுவும் குறைந்தால் நல்லது.

ஏன்? குழந்தை மொழியை மனிதர்களிடமிருந்துதான் கற்கிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் பாட்ரிசியா குல் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. 9 மாதக் குழந்தைகள், வீட்டில் ஆங்கிலம் மட்டும் கேட்பவர்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளோடு சீன மொழி பேசும் ஆட்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள் பேசும் வீடியோ. நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். வீடியோ பார்த்த குழந்தைகள்? ஒன்றும் கற்கவில்லை. அதே ஆள், அதே பேச்சு, அதே நேரம்.

அதனால் "ரைம்ஸ் போட்டு விட்டா இங்கிலீஷ் பேசுவான்" என்று ஒரு வயதுப் பிள்ளைக்கு யூடியூப் வைத்துச் சோறு ஊட்டும் பெற்றோரே, அவன் கற்பது இங்கிலீஷ் அல்ல. சோறு வாய்க்குள் போவதே தெரியாமல் விழுங்கத்தான் கற்கிறான்.

4.
இப்போ பெரிய பிள்ளைகளுக்கு வருவோம். "கம்ப்யூட்டர் வந்து மனுஷங்க தனிமையாயிட்டாங்க" என்பது இன்றைய புகார் இல்லை. அதற்கு 25 வருஷத்துக்கு மேல் வயசாகிறது.

1990-களின் நடுவில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ராபர்ட் கிராட் என்ற பேராசிரியரின் குழு, வீட்டில் இணைய இணைப்பு இல்லாத குடும்பங்களுக்குக் கம்ப்யூட்டரும் இணைப்பும் கொடுத்துப் பின்தொடர்ந்தது. 1998-ல் முடிவு வந்தது. அதிகம் பயன்படுத்தியவர்கள் வீட்டில் இருப்பவர்களோடு பேசுவது குறைந்தது, பழகும் வட்டம் சுருங்கியது, தனிமையும் மனச்சோர்வும் கொஞ்சம் கூடியது. பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன.

பலரும் படிக்காத இரண்டாம் பாகம் ஒன்று இருக்கிறது. அதே குழு அதே ஆட்களை மறுபடி பார்த்தது. 2002-ல் வெளியிட்டது. முன்பு கண்ட பாதிப்புகள் பெரும்பாலும் மறைந்துவிட்டிருந்தன! புதிதாக வேறு சிலரையும் ஆராய்ந்தார்கள். நண்பர்கள் உள்ளவர்கள், கலகலப்பாகப் பழகுபவர்கள் இணையத்தால் இன்னும் நன்றாக ஆனார்கள். ஒதுங்கி இருப்பவர்கள், ஆதரவு இல்லாதவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. கூச்ச சுபாவிகளுக்குத் தனிமை இன்னும் கூடியது.

இருப்பவனுக்குக் கூட்டியது, இல்லாதவனிடம் இருந்ததையும் பிடுங்கியது. இந்த இழையில் நான் சொல்ல வருவது இதுதான். திரை ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்பது, அந்தப் பிள்ளையைச் சுற்றி எத்தனை மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மனிதர்களைக் கூட்டாமல் மணி நேரத்தை மட்டும் குறைத்தால் மிஞ்சுவது இன்னும் தனிமையான ஒரு பிள்ளை.

5.
இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் சொல்கிறேன். நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஒரு இளைஞர். டியூஷேன் எனும் தசைச் சிதைவு நோய். சக்கர நாற்காலி, பிறகு விரல்கள் மட்டுமே அசையும் நிலை. பெரும்பாலான நேரம் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டு. நட்பு, காதல் எதுவும் இல்லாமல் மகன் வாழ்க்கை திரையிலேயே போகிறதே என்று பெற்றோருக்கு ஆறாத வருத்தம். 2014-ல், 25 வயதில் இறந்துபோனார்.

மகனின் வலைப்பூவில் மரணச் செய்தியைப் பெற்றோர் எழுதினார்கள். பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. "எங்க வீட்டுப் பிரச்சனையில் எனக்கு ஆறுதல் சொன்னவர் அவர்தான்" என்கிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக. சிலர் விமானம் ஏறி இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். அந்த விளையாட்டுக்குள் 'இபெலின்' என்ற பெயரில் மகன் ஒரு ஊருக்கே வேண்டியவனாக வாழ்ந்திருக்கிறான் என்பது பெற்றோருக்கு அப்போதுதான் தெரிந்தது. 2024-ல் ஆவணப்படமாகவும் வந்தது.

"அப்போ கேம் நல்லதுன்னு சொல்றீங்களா டாக்டர்?" இல்லை. அன்பான, அக்கறையான பெற்றோர், ஒரே வீடு, இத்தனை வருஷம். "உள்ளே யாரோட பேசுற?" என்பதற்கான பதில் கடைசிவரை அவர்களுக்குத் தெரியாமலே போனதே, அதைத்தான் சொல்கிறேன். நம்மில் எத்தனை பேருக்கு நம் பிள்ளை விளையாடும் கேமின் பெயர் தெரியும்?

6.
ஆகவே மணிக்கணக்குக்குப் பதில் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் மூன்று.

ஒன்று: யாரோடு?
இரண்டு: எதை விட்டுவிட்டு?
மூன்று: கடிவாளம் யார் கையில்?

முதல் கேள்விக்குப் பதில் மேலே வந்துவிட்டது. மற்ற இரண்டையும் பார்ப்போம்.

7.
எதை விட்டுவிட்டு? முதலில் போவது தூக்கம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். டீன் ஏஜில் 8 முதல் 10. இரவு ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுப்பப்படும் பிள்ளைக்கு எரிச்சல், மறதி, மார்க் குறைவு எல்லாம் வரும். தூக்கம் கெட்டதன் விளைவை "ஃபோன் மூளையைக் கெடுத்துடுச்சு" என்று எழுதுகிறோம். ஃபோன் படுக்கையறைக்குள் போகாமலிருந்தாலே பாதிப் பஞ்சாயத்து தீரும்.

அடுத்து போவது விளையாட்டு. இங்கேதான் எனக்குக் கோபம் வரும்.

தெருவில் வண்டி ஓட்டம். காலி மனையில் கம்பிவேலி. அபார்ட்மெண்டில் "இங்கே பந்து விளையாடக் கூடாது" என்று பலகை. பள்ளியில் பிடி பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கி வருஷக்கணக்காகத் திருப்பித் தரவில்லை. சாயந்திரம் டியூஷன், சனிக்கிழமை இந்தி, ஞாயிற்றுக்கிழமை அபாகஸ். எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஒரே ஒரு கதவை, ஆறு அங்குலக் கதவை, திறந்து வைத்தோம். அவன் அதற்குள் போய்விட்டான். உடனே "இந்தக் காலத்துப் பசங்க வெளிய போய் விளையாடுறதே இல்ல" என்று புலம்பல். எங்கே போகணும்? சொல்லுங்க.

8.
பெண் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். வயசுக்கு வந்தவுடன் தெருவில் விளையாடுவது நிறுத்தம். தோழி வீட்டுக்குப் போக அனுமதி இல்லை. சைக்கிள் பள்ளிக்கு மட்டும். மிச்சம் இருக்கும் ஒரே பொழுதுபோக்கு ஃபோன். அதையும் "யார்கிட்ட பேசுற?" என்று பிடுங்கிப் பார்ப்பது.

அதே வீட்டில் அண்ணனுக்கு டர்ஃப், பைக், இரவு பத்து மணி வரை நண்பர்கள், கையில் ஃபோன். ரெண்டு பிள்ளைக்கும் ஒரே "ஒரு மணி நேரம்" விதி போட்டால் அது சமத்துவமா? அவனிடமிருந்து ஃபோனை எடுத்தால் நண்பர்கள் மிச்சம் இருப்பார்கள். அவளிடமிருந்து எடுத்தால் மிஞ்சுவது சுவர்.

9.
மூன்றாவது கேள்வி. கடிவாளம் யார் கையில்?

முடிவில்லாமல் கீழே தள்ளிக்கொண்டே போகும் வசதியை 2006-ல் வடிவமைத்தவர் ஏஸா ராஸ்கின். அது மனிதர்களை என்ன செய்திருக்கிறது என்று பின்னாளில் அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டார். கேமில் தினமும் உள்ளே வந்தால் பரிசு, ஒரு நாள் விட்டால் இழப்பு. காசு கொடுத்துப் பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன வரும் என்று தெரியாது. இது லாட்டரி டிக்கெட்டைச் சுரண்டுவது மாதிரிதானே? பெல்ஜியம் 2018-ல் அந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது.

பரிசு எப்போ வரும் என்று தெரியாதபோதுதான் மூளை அதிகம் ஏங்கும். இது உளவியலில் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த சங்கதி. அதைக் கரைத்துக் குடித்த பெரியவர்கள் ஒரு பக்கம், பதிமூன்று வயசுப் பையன் இன்னொரு பக்கம். "உனக்கு கண்ட்ரோலே இல்ல" என்று திட்டுவது அவனைத்தான். இது எந்த ஊர் நியாயம்?

10.
அப்பாக்களிடம் ஒரு வார்த்தை. பையன் ஃப்ரீ ஃபயர் ஆடினால் பெல்ட்டை எடுக்கும் கை, இரவு பன்னிரண்டு மணிக்கு ரம்மிக்குக் காசு கட்டியதா இல்லையா?

ஆன்லைன் ரம்மியால் கடன், குடும்பச் சண்டை, தற்கொலை என்று எத்தனை செய்தி படித்தோம்! தமிழ்நாடு 2022-ல் சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று அந்தப் பகுதியை மட்டும் ஏற்கவில்லை. 2025-ல் மாநில அரசு விதிமுறை கொண்டுவந்தது: 18 வயதுக்குக் கீழ் கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது. நீதிமன்றம் அதை ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

இத்தனை சட்டமும் யாருக்காகத் தேவைப்பட்டது? மீசை முளைத்தவர்களுக்காக. வீட்டில் கண்ட்ரோல் இழந்தது பிள்ளை மட்டும் இல்லை. அப்பா ரம்மியில், அம்மா ரீல்ஸில், தாத்தா வாட்ஸ்அப்பில். நாலு பேர் நாலு திரை. திட்டு மட்டும் ஒருத்தனுக்கு, ஏன்னா அவன்தான் திருப்பித் திட்ட மாட்டான்.

11.
"அப்போ பிள்ளைங்களுக்கும் சட்டம் போட்டா சரியாயிடும்ல?" போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தென்கொரியா 2011-ல் 16 வயதுக்குக் கீழானவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆன்லைன் கேம் ஆடத் தடை போட்டது. பிள்ளைகள் அப்பா அம்மா அடையாள எண்ணில் நுழைந்தார்கள். விளையாட்டுகள் மெல்ல மொபைலுக்கு நகர்ந்தன, சட்டமோ கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றது. பத்து வருஷம் கழித்து அந்த அரசே அதை நீக்க முடிவு செய்தது. சீனா 2021-ல் இன்னும் கடுமையாக, வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் இரவு 8 முதல் 9 என்று போட்டது.

நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும், கண்டிப்பாக வேண்டும். ஆனால் மாலை ஏழு மணிக்கு உங்கள் பிள்ளையோடு உட்கார எந்த அரசாங்கமும் ஆள் அனுப்பாது.

12.
"அடிக்ட்" என்ற வார்த்தைக்கு வருவோம். தயவுசெய்து அதை வீட்டில் புழங்காதீங்க.

'கேமிங் டிஸார்டர்' என்பது உண்மையான நோய்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-ல் இருக்கிறது, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில். அதற்கு என்ன வேண்டும்? விளையாட்டின் மேல் கட்டுப்பாடு போயிருக்க வேண்டும். சாப்பாடு, படிப்பு, உறவு எல்லாவற்றையும் விட அதுவே முதலிடம் பிடித்திருக்க வேண்டும். கெடுதல் வந்த பிறகும் தொடர வேண்டும். இதனால் வாழ்க்கை கணிசமாக முடங்கியிருக்க வேண்டும். இது பொதுவாகப் பன்னிரண்டு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். கவனித்தீர்களா, இத்தனை மணி நேரம் என்று ஒரு எண்கூட இதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் ஆடிவிட்டு, கூப்பிட்டால் முனகிக்கொண்டே சாப்பிட வரும் பையன் நோயாளி இல்லை. அவன் பையன்.

13.
எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

- இருந்த நண்பர்களையும் விட்டு ஒதுங்கினால்
- பிடித்த எல்லாவற்றிலும் ஆர்வம் போனால்
- இரவும் பகலும் தலைகீழானால்
- பள்ளிக்கே போக மறுத்தால்
- காசு திருடினால், கடன் வாங்கினால்
- ஃபோனை எடுத்தால் தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், "செத்துடுவேன்" என்றால். இதை மிரட்டல் என்று ஒதுக்காதீங்க, அன்றைக்கே கூட்டி வாங்க.

இப்படி வரும் பிள்ளைகளிடம் கேம் பெரும்பாலும் புகை மட்டும்தான். அடியில் நெருப்பு வேறு இருக்கும். மனச்சோர்வு, ஏடிஎச்டி, கற்றல் குறைபாடு, பள்ளியில் கேலி, வீட்டில் தினமும் சண்டை. வகுப்பில் "மக்கு" என்று பெயர் வாங்கியவனை ஒரு கேம் "நீதான் இன்னைக்கு பெஸ்ட்" என்கிறது. அவன் வேறு எங்கே போவான்? ஃபோனைப் பிடுங்கினால் புகை கொஞ்சம் அடங்கும், நெருப்பு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 14416-க்கு அழைக்கலாம். டெலி மானஸ், அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம்.

14.
சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

அ) ராத்திரி எல்லா ஃபோனும் ஹாலில் சார்ஜ் ஆகட்டும். "எல்லா" என்றால் உங்களுடையதும். அலாரத்துக்கு ஒரு கடிகாரம் வாங்குங்க.

ஆ) சாப்பிடும் இடத்தில் திரை வேண்டாம். ஒரு வேளையாவது. டிவியும் திரைதான்.

இ) ஆட்டத்தின் நடுவில் பிடுங்காதீங்க. "இந்த மேட்ச் முடிஞ்சதும் வா" என்று சொல்லுங்க. நீங்கள் ஐபிஎல் கடைசி ஓவர் பார்க்கும்போது ஒருத்தர் டிவியை அணைத்தால் எப்படி இருக்கும்?

ஈ) ஃபோனைக் குறைக்கும் முன் அந்த நேரத்துக்கு ஒரு மாற்று ஏற்பாடு பண்ணுங்க. கேரம் போர்டு, நூலகம், நீச்சல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். மாற்று இல்லாமல் எடுத்தால் அது தண்டனை, வைத்தியம் இல்லை.

உ) பெண் பிள்ளையை வெளியே விளையாட விடுங்க.

ஊ) கேமில் காசு கட்டும் வசதியைப் பூட்டுங்க. யூபிஐ பின் நம்பர் பிள்ளைக்குத் தெரியக் கூடாது.

எ) அபார்ட்மெண்ட் கூட்டத்தில் பார்க்கிங் பற்றிப் பேசும் அதே சத்தத்தில் விளையாட இடம் கேளுங்க. பள்ளிக் கூட்டத்தில் மார்க்கைக் கேட்ட பிறகு பிடி பீரியட் எங்கே போச்சு என்றும் கேளுங்க.

15.
கமெண்டில் வரப்போவது தெரியும். "எங்க காலத்துல இதெல்லாம் இல்ல டாக்டர், நாங்க நல்லா வளரலையா?" வளர்ந்தோம். அப்போது தெரு இருந்தது. சாயந்திரம் வேலை முடிந்து வந்த பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. அந்தத் தெருவையும் அந்தப் பெரியவர்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்புறம் பிள்ளையிடம் கணக்குக் கேட்போம்.

"வேலைக்குப் போயிட்டு வந்து உட்கார எங்களுக்கு ஏது நேரம்?" இந்தக் கேள்வி நியாயம். ரெண்டு ஷிஃப்ட் பார்க்கும் அம்மாவிடம் நான் ரெண்டு மணி நேரம் கேட்கவில்லை. இருபது நிமிஷம் கேட்கிறேன். அதையும் வீட்டில் இருக்கும் ஆண்களிடம் முதலில் கேட்கிறேன்.

16.
இன்று ராத்திரி ஒன்று செய்து பாருங்க. பிள்ளை விளையாடும்போது பக்கத்தில் போய் உட்காருங்க. ஃபோனைப் பிடுங்க வேண்டாம், அட்வைஸ் வேண்டாம். "இது என்ன கேமு? எனக்கும் சொல்லிக் குடு" என்று மட்டும் கேளுங்க. முதலில் சந்தேகமாகப் பார்ப்பான். ரெண்டு நிமிஷத்தில் கடகடவென்று சொல்ல ஆரம்பிப்பான். யாரோடு ஆடுகிறான், யார் நல்லவன், யார் ஏமாற்றுகிறான், எல்லாம் வரும். நீங்கள் ஆடித் தோற்றால் விழுந்து விழுந்து சிரிப்பான்.

அப்புறம் எவ்ளோ நேரம் குடுக்கலாம் என்று என்னிடம் கேட்க வராதீங்க. அவனுக்கு நீங்க எவ்ளோ நேரம் குடுக்கப் போறீங்க என்று முடிவு பண்ணிட்டு வாங்க.

பயனுள்ளதாக இருந்தால் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் பகிருங்கள்.